ஓம் என்றால் ஹோம் அல்ல

என் இரண்டு நுரையீரல்களையும் ஒரே ஆங்கில எழுத்துக்குள் அடைத்துவிட்டார்கள். அந்த எழுத்து எச். கடிதம் வந்த அன்று, நியூசிலாந்தில், பாபகூராவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் நின்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு நாய் தன் குரைப்பை நிறுத்திவிட்டு என்னைக் கவனிக்கத் தொடங்கியது. நாலு வசனம் கத்துவதற்குள் இருமல் வந்து குந்திவிட்டேன். கோபப்படுவதற்குக்கூட மூச்சு வேண்டும். அதையும் அவர்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நான் மனுரேவாப் பக்கத்தில் பாண் சுடும் ஒரு பிரெட் ஃபக்டரியில் பதினேழு வருடமாக மாக் குழைக்கும் பகுதியில் வேலை செய்தவன். மூட்டையை வெட்டுவது, பெரிய தொட்டிக்குள் கொட்டுவது, எழும்பும் மாப் புகைக்குள் நின்று இயந்திரத்தைப் பார்ப்பது. வேலை முடியும்போது கண்ணிமை வரை வெள்ளையாக நிற்பேன். இந்த நாட்டில் வெள்ளைக்காரனாவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே வழி அது என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பேன்.

போன குளிர்காலத்தில் சிரிப்பு நின்றது. வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் நெஞ்சு இறுகும். பின்னேரம் ரெயினால் இறங்கி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறினால், பாதிப் படியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, போனில் ஏதோ முக்கியமான செய்தி பார்ப்பவன்போல நிற்பேன். போன் அணைந்திருக்கும்.

பயம் விடயத்தில் நான் ஒரு கெட்டிக்காரன். மற்றவர்கள் இருமினால் சுடுதண்ணீர் குடிப்பார்கள். நான் இன்டர்நெட்டைத் திறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏழு வருத்தங்களைத் தெரிவுசெய்து, அதில் மிகவும் மோசமானதை எனக்கென்று ஒதுக்கிக்கொள்வேன். அந்தக் கிழமை என் மனைவியிடம் வங்கிப் பாஸ்வேர்டைச் சொன்னேன். என் செத்தவீட்டுக்கு எந்தப் படத்தை வைக்கவேண்டும் என்றும் சொன்னேன்.

"அந்தப் படத்திலை உங்களுக்கு மீசை கோணல்," என்றாள் அவள். "முதல் டொக்டரிட்டைப் போங்கோ. படத்தைப் பிறகு பாப்பம்."

டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மாத் தூசி காரணமாக இருக்கலாம் என்றார். ஆனால் 'இருக்கலாம்' போதாது. வேலைதான் காரணம் என்று சோதனையில் தெரிந்தால், ஃபக்டரி என்னை மாவிலிருந்து எடுத்துப் பாண் பொதி செய்யும் பகுதிக்கு மாற்றியாக வேண்டும். தெரியாவிட்டால் மாவுதான். தொடர்ந்து அதற்குள் நின்றால் இந்த இறுக்கம் ஒரு நாள் வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிடலாம் என்று அவர் தன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இன்டர்நெட்டில் நான் வாசித்த ஏழில் இது இருக்கவில்லை. இதற்கு நான் கதை விடவும் இல்லை, பகிடி விடவும் இல்லை. நேரே வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

சோதனை இதுதான். கையளவு பிளாஸ்டிக் குழாய் ஒன்று, அதில் ஒரு முள். இழுத்து மூச்செடுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் ஓடி ஒரு எண்ணில் நிற்கும். நாலு கிழமைக்கு, ஒரு நாளில் நாலு தரம் ஊதி எழுதவேண்டும். வீட்டில் எழும்பியதும், வேலையில் ஸ்மோக்கோ என்று இங்கே சொல்லும் தேநீர் இடைவேளையில், வேலை முடியும்போது, பிறகு படுக்கமுன் வீட்டில். வேலையில் எண் விழுந்து, வீட்டில் இருக்கும் நாட்களில் எழும்பினால் குற்றவாளி மா.

கிளினிக் நர்ஸ் ஊதக் காட்டித்தந்தார். "பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரி அணைக்கிறதுபோல," என்றார். எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊதி அணைத்தால் அடி விழும் என்று வளர்ந்தவன் நான். என் முதல் ஊது, சூடான தேத்தண்ணிக்கு ஊதுவதுபோல வந்தது. நர்ஸ் குதிரைப் பந்தயம் பார்ப்பவர்போலக் கையைத் தட்டி, "கோ, கோ, கோ, கோ!" என்று கத்தினார். மூன்றாவது ஊதில் முள் ஓடியது.

பிறகு படிவத்தைக் காட்டினார். வீடு என்று முதற் பக்கம், வேலை என்று இரண்டாம் பக்கம். மேலே ஒரு சின்னப் பெட்டி வெறுமையாக இருந்தது. அது கோட் போடும் பெட்டி. வீட்டில் மட்டும் ஊதியவருக்கு எச். வீட்டிலும் வேலையிலும் ஊதியவருக்கு டபிள்யூ. அந்தக் கோட்டை வைத்துத்தான் கிளினிக்குக்குக் கணக்குத் தீர்ப்பதும், அடுத்த டொக்டருக்கு என்னை அனுப்புவதும்.

"நீங்கள் அதைத் தொடவேண்டாம்," என்றார் நர்ஸ். "அவர்களே போன் எடுத்துக் கேட்டுப் போடுவார்கள்."

அவர்கள் என்பது எங்கள் ஃபக்டரி வேலையாட்களின் வருத்த விடயங்களைப் பார்ப்பதற்கென்று அமர்த்தியிருந்த ஒரு கம்பனி. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு எழுத்து வைத்திருப்பார்கள்.

நாலு கிழமை ஊதினேன். ஃபக்டரியில் என்னோடு வேலை செய்யும் மதுரைத் தம்பி ஒருவன், ஸ்மோக்கோவில் தன் தேநீரை வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் நிற்பான். "அண்ணே, தம் கட்டுங்க. இப்ப விடுங்க! அய்யய்ய, நேத்தவிடக் கம்மி." எண்ணை வாசிப்பதும், நான் எழுதுவது சரியா என்று எட்டிப் பார்ப்பதும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முள் நானூற்று எழுபதைத் தாண்டும். வியாழக்கிழமை ஸ்மோக்கோவில் முந்நூற்றுப் பத்து. ஞாயிற்றுக்கிழமை மனிதன், வியாழக்கிழமை ஓட்டைப் பலூன். குழந்தைக்கும் விளங்கும். படிவம் போனது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. இலக்கம் மறைத்த அழைப்பு. எனக்கு இலக்கம் மறைத்து வருபவர்கள் எல்லோரும் மரணச் செய்தி சொல்பவர்கள். எழும்பி நேராக நின்றுகொண்டு, சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எடுத்தேன். ஒரு இளம் பெண் குரல், நல்ல குரல், ஏதேதோ கேட்டது. நானும் பதில் சொன்னேன். கடைசியில் "லவ்லி" என்றது. நான் "தாங்க் யூ, தாங்க் யூ, வெரி குட்" என்று சொல்லி வைத்துவிட்டு, சாகவில்லை என்ற மகிழ்ச்சியில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் கிழமை கடிதம். 'சோதனை வீட்டில் மட்டும் செய்யப்பட்டுள்ளது, கோட் எச். வீட்டுச் சோதனையால் வேலையிடக் காரணத்தைக் காட்ட முடியாது. ஆகவே ஏற்கப்படவில்லை.' ஃபக்டரிக்கும் பிரதி போயிருந்தது. அதைக் கண்ட மேற்பார்வையாளர் தோளில் தட்டி, "நல்ல செய்திதானே, உனக்கு ஒன்றுமில்லையாம்," என்றார். எந்த மூட்டைக்கு முன்னால் நின்றேனோ, அதே மூட்டையை வெட்டினேன்.

அன்று பின்னேரம்தான் அந்தக் கராஜ், அந்த நாய்.

கம்பனிக்குப் போன் எடுத்தேன். "வேலையில் இருபது நாள் ஊதியிருக்கிறேன், இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்," என்றேன்.

"சேர், வீட்டில் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்," என்றார்கள். "ஒரு தரம் இல்லை. நாலு தரம்."

"நான் சொல்லவேயில்லை!"

"குரல் பதிவு இருக்கிறது, சேர்."

அப்படியா, தாருங்கள் என்றேன். என்னைப் பற்றிய பதிவைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று மகள் சொல்லியிருந்தாள். இங்கே பிறந்தவள், யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளே கடிதம் எழுதினாள். பதிவு மின்னஞ்சலில் வந்தது. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம் என்று மனைவியையும் கூப்பிட்டு, மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மகள் கொம்பியூட்டரைத் தட்டினாள்.

முதலில் அந்த நல்ல குரல்: சோதனை எங்கே செய்தீர்கள், வீட்டில் மட்டுமா, வேலையிலும் சேர்த்தா?

நான்: "ஆ... வன் மினிட்..."

அதற்குப் பின்னால், குசினிப் பக்கத்திலிருந்து, தெளிவாக என் மனைவியின் குரல்: "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி போடட்டோ?"

நான்: "ஓம்."

"ஹோம். ஓகே."

"இஞ்சி போட்டோ?"

"ஓம்."

"ஹோம், யெஸ், எழுதிக்கொண்டேன்."

"சீனி குறைச்சுத்தானே?"

"ஓம், ஓம்."

"லவ்லி."

மகள் பதிவை நிறுத்தினாள். "அப்பா," என்றாள், "யூ செட் ஹோம். ஃபோர் டைம்ஸ்." பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். என் மனைவி சிரிக்கவில்லை. "நான் தேத்தண்ணி கேட்டது பிழையே?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"உம்மிலை என்னப்பா பிழை? தேத்தண்ணி சரியாய்த்தானே வந்தது," என்றேன்.

உண்மையும் அதுதான். இஞ்சியும் சீனியும் கேட்டபடி வந்தன. அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பெண்கள் என்னிடம் கேள்வி கேட்டார்கள். ஒருத்திக்கு நான் சொன்னது விளங்கியது. மற்றவள் அதை என் நெஞ்சில் முத்திரையாகக் குத்திவிட்டாள்.

ஃபக்டரியில் மதுரைத் தம்பிக்குச் சொன்னேன். அவன் வாயிலிருந்த தேநீர் மூக்கால் வந்தது. "அண்ணே, பேசாம எங்கள மாதிரி ஆமான்னு சொல்லியிருந்தா இந்த வம்பே இல்லல்ல? ஆமாவ எந்த வெள்ளைக்காரன் என்னன்னு எழுதுவான்?"

"ஆமையெண்டு எழுதியிருப்பான். நான் ஏறுற வேகத்துக்கு அதுவும் சரிதான்," என்றேன். சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடுங்கண்ணே, நானே சாட்சி சொல்றேன். இருபது நாள் நீங்க ஊத ஊதப் பக்கத்துல நின்னவன் நானு," என்றான்.

திருத்தச் சொல்லி மறுபடி போன். இந்தத் தரம் வேறொரு பெண்.

"நான் ஹோம் என்று சொல்லவில்லை. ஓம் என்று சொன்னேன்."

"ஓ! யோகாவில் சொல்வார்களே, அந்த ஓமா?"

"இல்லை. எங்கள் பாஷையில் அது யெஸ்."

"அருமை! நானும் யோகா செய்கிறேன். மூச்சுக்கு நல்லது."

மூச்சுக்கு நல்லதாம். மூச்சு முட்டி நிற்கிறவனுக்கு மந்திரம் சொல்லித் தருகிறார்கள். கோயிலில் சொல்லும் ஓமும் குசினிக்குச் சொல்லும் ஓமும் ஒரே எழுத்துத்தான், ஆனால் நான் இஞ்சித் தேத்தண்ணிக்கு முன்னால் தியானம் செய்கிறவன் இல்லை என்று ஆங்கிலத்தில் விளக்கப் போனேன். பாதியில் இருமல். அவள் மிகவும் அன்பாக, "ஆழமாக மூச்செடுங்கள், சேர்," என்றாள். பிறகு, கோட்டைத் தன்னால் மாற்ற முடியாது, மீளாய்வு அதிகாரி ஒருவர் அடுத்த செவ்வாய் அழைப்பார், அவர் சொல்வதுதான் முடிவு என்றாள். பின்னாளில் மகள் எடுப்பித்த கோப்பில் அந்த உரையாடலுக்கு ஒரு குறிப்பு இருந்தது: 'வாடிக்கையாளர் பிரார்த்தனை செய்யும் வழக்கம் உடையவர்.'

அந்தச் செவ்வாய்வரை எங்கள் வீட்டில் ஓமுக்குத் தடை. எதற்கும் யெஸ் சொல்லவேண்டும் என்று மகள் சட்டம் போட்டாள். மனைவி நேரம் பார்த்துத் தாக்குவாள். பல் விளக்கும்போது, "குப்பையை வெளியிலை வைச்சிட்டியளோ?" "ஓ... யெஸ்!" செருப்புப் போடும்போது, "பின் கதவு பூட்டியாச்சோ?" "யெஸ்!" ஐம்பத்துமூன்று வருடப் பழக்கத்தை ஒரு கிழமையில் நாக்கிலிருந்து வழித்தெடுத்தோம். திங்கட்கிழமை மனைவி, "உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டதற்கும் யெஸ் என்றேன். தயாராகிவிட்டேன் என்று முடிவுசெய்தோம்.

செவ்வாய்க்கிழமை அழைத்தவர் வயதான குரல்காரர். ஆறுதலாகக் கதைத்தார். போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்திருந்தோம். பெயர், பிறந்த திகதி, வேலை. எல்லாம் யெஸ், யெஸ். மகள் கட்டைவிரலைக் காட்டினாள். எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது.

"அப்படியென்றால், இந்த நாலு கிழமையும் நீங்கள் வீட்டில் மட்டும்தான் ஊதினீர்கள், அப்படித்தானே?"

"யெஸ்!" என்றேன்.

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். மனைவி கதிரையை விட்டு எழும்பி, "நோ! நோ சொல்லுங்கோ! ஐயோ கடவுளே, நோ!" என்று கத்தினாள்.

"யார் அது?" என்றது போன்.

"என் மனைவி," என்றேன். "தேத்தண்ணி கேட்டவர்."

அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்று ஒழுங்காக நினைவில்லை. யெஸ் என்றது நோ, ஓம் என்றது யெஸ், ஹோம் என்று நான் வாயே திறக்கவில்லை என்று ஒரேயடியாக எல்லாவற்றையும் சொன்னேன். அது அவருக்கு எந்தப் பாஷையாகக் கேட்டதோ தெரியாது. எனக்கே என்மேல் நம்பிக்கை விட்டுப்போனது. நாளைக்கும் நாளையின்றைக்கும் அந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்கப் போகிறேன், என் வாயாலேயே என்னை அங்கே அனுப்பிவிட்டேன் என்று தெரிந்தது. கோபம் வந்தது. அதோடு வழக்கம்போல இருமலும் வந்தது. பேச முடியவில்லை. முன்னால் கிடந்த படிவத்தின் பிரதியை எடுத்து, கிடைத்த மூச்சில் எண்களை மட்டும் வாசிக்கத் தொடங்கினேன்.

"திங்கள், ஸ்மோக்கோ, நானூறு. செவ்வாய், ஸ்மோக்கோ, முந்நூற்று எழுபது. புதன், முந்நூற்று நாற்பது. வியாழன், முந்நூற்றுப் பத்து."

"பொறுங்கள்," என்றார் அவர். "இதை எங்கேயிருந்து வாசிக்கிறீர்கள்?"

"இரண்டாம் பக்கம்."

தட்டச்சுச் சத்தம். "எச் கோட் போட்ட கோப்புக்கு இரண்டாம் பக்கம் எங்களுக்குத் திறக்காது," என்றார். "கணினி முதற் பக்கத்தை மட்டும்தான் காட்டும்."

என் வீட்டில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இருபது நாள். அந்தத் தம்பி தேநீர் ஆற ஆற எனக்குப் பக்கத்தில் நின்ற இருபது நாள். அது அவர்களிடமே இருந்திருக்கிறது. ஒருவரும் ஒளிக்கவில்லை, கிழிக்கவில்லை. ஒரு எழுத்து கதவைச் சாத்தியது. சாத்தியிருக்கிறது என்று தெரிந்தும் தட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லை நாலு தரம் எண்ணியவர்களுக்கு, நான் கைப்பட எழுதிய ஒரு பக்கம் தேவைப்படவில்லை.

அவர் யாரையோ கூப்பிட்டார், ஏதோ அனுமதி கேட்டார். பக்கம் திறந்திருக்கவேண்டும். வரிவரியாக அவர் முணுமுணுப்பது கேட்டது. பிறகு, வேறு ஒரு குரலில், ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

"ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக மூச்சு விடுகிறீர்கள், இல்லையா?"

"ஓம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. மனைவி தன் வாயைப் பொத்தினாள். போனில் ஒரு சின்னச் சிரிப்பு.

"அது யெஸ்தானே?" என்றார் அவர்.

பத்து நாளில் கடிதம் வந்தது. கோட் டபிள்யூ. பெரிய டொக்டரைப் பார்த்தேன், மாத்தான் என்று எழுதினார். ஃபக்டரி என்னைப் பொதி செய்யும் பகுதிக்கு மாற்றியது. இப்போது பாண் உறைக்குள் போகும்போதுதான் நான் அதைச் சந்திக்கிறேன். இழந்த மூச்சு முழுவதும் திரும்பி வராது என்றும் பெரிய டொக்டர் சொன்னார். அந்த மூன்று கிழமையும், மீளாய்வுக்குக் காத்திருந்த நாட்களும், பிறகு கடிதத்துக்குக் காத்திருந்த பத்து நாளும் நான் மாவுக்குள்தான் நின்றேன். அதற்கு ஒரு எழுத்தும் ஒருவரும் போடவில்லை. மன்னிப்புக் கேட்டும் ஒரு வரி இல்லை. அதற்குப் பதிலாக, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஐந்து முகங்கள் போட்ட ஒரு மின்னஞ்சல் வந்தது. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை. இருமும் முகம் இருக்கவில்லை. நான் ஒன்றையும் அழுத்தவில்லை. கீழே எழுதுவதற்கு விட்டிருந்த பெட்டியில், 'இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மதுரைத் தம்பி இன்னும் மாப் பகுதியில்தான் நிற்கிறான். போன கிழமை ஸ்மோக்கோவில் அவனும் இருமினான். என் குழாயைக் கழுவி, வாய்ப்பகுதியைப் புதிதாக மாற்றி, அவன் கையில் கொடுத்தேன். "நாளைக்கே டொக்டரிட்டைப் போடா," என்றேன்.

"எனக்கென்னண்ணே, நான் ஆமான்னு சொல்றவன்," என்றான்.

"தம் கட்டு," என்றேன். "இப்ப விடு."

முள் எங்கே நின்றது என்று இருவரும் குனிந்து பார்த்தோம். அவன் பகிடி விடவில்லை. நான் பேனாவை எடுத்து, ஒரு வெறுந்தாளில் முதலில் மேலே, பெரிதாக, 'வேலை' என்று எழுதினேன்.